கண்ணில் படாத பச்சை

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் ஒரு கல் வருகிறது. அதை எறிந்தவள் நான்தான். என் பெயர் சுசீலா. ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கிற வேலை, பதினாறு வருஷமாக. ஆனால் இது என் கதை இல்லை. வேலையில் பக்கத்து மிஷினிலும் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டிலும் இருந்த ஹில்டாவின் கதை.

ஹில்டா ஓடுவாள். அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதுதான். காலையில் சங்கு ஊதுவதற்குள் கேட்டைத் தாண்ட நாங்கள் எல்லோருமே ஓடுவோம். மூச்சு வாங்கிக்கொண்டு, பெருமாளே முருகா என்று ஓடுவோம். ஹில்டா அப்படி இல்லை. ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சைக்கிளில் போகிறவர்களையெல்லாம் முந்திக்கொண்டு போவாள். கேரியரில் குழம்பு தளும்பாது. ஒருநாள் கட்டிங் செக்‌ஷன் சம்பத் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இன்னாமே, உன்னிய நாய் எதனா தொரத்துதா?" என்று கேட்டார். "இல்ல சார், நீங்கதான் மெதுவா போறீங்க" என்று சொல்லிக்கொண்டே அவரையும் தாண்டிப் போய்விட்டாள்.

அம்பத்தூரில் பள்ளிக்கூடம் படித்தபோது ஓட்டப் பந்தயத்தில் முதல் பரிசு வாங்கியவள். பிறகு கல்யாணம், குழந்தை, மிஷின். முப்பத்தைந்து வயதில் அவளுக்கு ஓடக் கிடைத்த இடம் வீட்டிலிருந்து கேட் வரைக்கும்தான்.

1990 டிசம்பரில் கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். விடியல் விளையாட்டு மன்றம் நடத்தும் பெண்களுக்கான பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை, பிப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிறு. படித்து முடித்தவுடன் நான் அவளைக் கேட்கவே இல்லை, நேராகப் போய் அவள் பேரை எழுதிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் தெரிந்ததும் சண்டைக்கு வந்தாள்.

"அறிவு கீதா உனக்கு? இந்த வயசுல ரோட்டுல ஓடுனா நாலு பேரு சிரிக்க மாட்டானா?"

"சிரிச்சிட்டுப் போறான். நீ ஓடுறியா இல்லியா?"

கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு, "எத்தினி கிலோமீட்டர்னு சொன்ன?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடத்துப் பெண்ணாகவே ஆகிவிட்டாள்.

அடுத்து பாஸ்கல். ஹில்டாவின் வீட்டுக்காரர். பூந்தமல்லி, வேலப்பன்சாவடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்களை ஏற்றிவரும் ஒப்பந்த பஸ்ஸை ஓட்டினார். பதினாலு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சு மேல்கூட ஏற்றியதில்லை என்பது அவருடைய பெருமை. சோறு போடும்போது சொல்வார், சர்ச்சில் சொல்வார், தெரியாத ஆளிடம்கூடச் சொல்வார். பந்தயத்தைப் பற்றிச் சொன்னதும் ரொம்ப நேரம் யோசித்தார்.

"ஓடு. நான் வேணாங்கல. ஆனா பழக்கம் எல்லாம் கிரவுண்டுலதான். ரோட்டு மேல கால வெச்சேன்னு தெரிஞ்சிது, நானே போயி பேரை அடிச்சிட்டு வந்துடுவேன். ரோடு இன்னான்னு எனக்குத் தெரியும்."

அவர் சொன்னால் செய்கிற ஆள்.

குவார்ட்டர்ஸ் கிரவுண்டோ, பாதி மழைத்தண்ணீர், பாதி வாலிபால் கம்பம். மிச்சம் இருந்த இடத்தில் நாய்கள். பத்து கிலோமீட்டர் ஓட அதையே நாற்பது சுற்று சுற்ற வேண்டும். மூன்றாம் நாளே, "தல சுத்துது சுசீலா, செக்குமாடு மாதிரி கீது" என்றாள். எனக்கும் பொறுக்கவில்லை. பாஸ்கல் நாலே முக்காலுக்கெல்லாம் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நாம் ஐந்து மணிக்குக் கிளம்பினால் யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். ஆமாம், அந்த யோசனையும் என்னுடையதுதான்.

உடுப்பும் என்னுடையதுதான். "புடவையில ஓட முடியாது. ஆனா யார் கண்ணுலயும் படக்கூடாது சுசீலா, எனக்கு வெக்கமா கீது" என்றாள். பஜாரில் கட்பீஸ் எடுத்து, முழுக்கைச் சட்டை, முழுக்கால் சராய் தைத்தேன். இரட்டைத் தையல், அக்குளில் ஒட்டு, சாவிக்கும் நாய்க்குப் போடும் பிஸ்கட்டுக்கும் பக்கவாட்டில் ஒரு பை. என்ன நிறம் என்று கேட்கிறீர்களா? பதினாறு வருஷமாக ராணுவப் பச்சையையே தைத்த கை. கடைக்காரர் எத்தனையோ நிறம் எடுத்துப் போட்டும் கை அந்தப் பச்சை மேல்தான் போய் விழுந்தது. ஹில்டாவும் பார்த்துவிட்டு, "இதான் சரி, பதுசா, அடக்கமா கீது" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

அவள் முன்னால் ஓடுவாள். நான் என் லேடீஸ் சைக்கிளில் பின்னாலேயே போவேன். டைனமோ கெட்டு, விளக்கு எரியாமல் எத்தனையோ மாதம். ஆனாலும் அந்தக் காலைகள் இருக்கின்றனவே! மார்கழிப் பனியில் கோயில் ஒலிபெருக்கி பாட, வாசலில் கோலம் போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஹில்டா தாண்டியிருப்பாள். பருத்திப்பட்டு வரை போய்த் திரும்பினோம். பிறகு காடுவெட்டிப் பாலம் வரை. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்குத்தான் முட்டி வலித்தது.

ஜனவரி முதல் வாரம். அன்றைக்குப் பனி ரொம்ப அதிகம். பருத்திப்பட்டு தாண்டியதும் ஹில்டா சாலையின் இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். நான் முப்பது அடி பின்னால். பின்னாலிருந்து ஒரு பஸ் வந்தது. சத்தம் கேட்டு நான் மண்ணில் இறங்கிவிட்டேன். அவள் ஓரமாகத்தானே ஓடுகிறாள், ஒதுங்கிப் போவான் என்று நினைத்தேன். ஒதுங்கவில்லை. ஹாரனும் இல்லை, பிரேக்கும் இல்லை. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் அவள் தோளை உரசியது. ஹில்டா இருந்த இடத்தில் ஹில்டா இல்லை.

சைக்கிளைப் போட்டுவிட்டு, கையில் கிடைத்த ஜல்லிக் கல்லை எடுத்து, "டேய் பாடு! நில்றா!" என்று கத்திக்கொண்டே எறிந்தேன். கல் போய்ப் பின்விளக்கில் பட்டது. கண்ணாடி சிதறிய சத்தம் நன்றாகக் கேட்டது. பஸ் நிற்கவில்லை. மிச்சம் இருந்த ஒற்றை விளக்கின் சிவப்பில், பின்பக்கம் எழுதியிருந்த நீல எழுத்து தெரிந்தது. 'சகாய மாதா துணை.' அந்த எழுத்தை பாஸ்கல் தன் கையாலேயே எழுதியபோது பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

ஹில்டா விழுந்திருந்த சாலையோரப் பள்ளத்தில் தண்ணீர் இல்லை, அது ஒரு புண்ணியம். முட்டியும் முழங்கையும் சிராய்த்து ரத்தம். தோளைத் தூக்க முடியவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தாள். பஸ் பின்பக்கத்தை அவளும் பார்த்துவிட்டாள்.

"அவரு தான?" என்றாள்.

"அவரேதான். இன்னிக்கி ஏன் லேட்டு? நாலே முக்காலுக்குப் போற மனுசன்!"

"வண்டி ஸ்டார்ட் ஆவலன்னு தள்ளிகினு இருந்தாரு போல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுசீலா, அவருக்குத் தெரியக் கூடாது. பேரை அடிச்சாக்கூடப் பரவாயில்ல. என்ன இடிச்சாருன்னு தெரிஞ்சா ஸ்டியரிங்க தொடவே மாட்டாரு. அந்த மனுசனுக்கு அது ஒண்ணுதான் கீது."

அழ வேண்டியவள் அவள். நான்தான் அழுதேன்.

சாயங்காலம் பாஸ்கல் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தார். "எவனோ கல்லு வுட்டு டெயில் லைட்ட ஒடச்சிட்டான்! விடியக்காலைல! யாருக்கு நான் இன்னா பண்ணேன்? அவன் மட்டும் கையில கெடச்சான், தோல உரிச்சிடுவேன்!" நான் அவர் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஹில்டா பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி முழங்கையில் துணி கட்டியிருந்தாள். "உனக்கு இன்னா ஆச்சி?" என்று அவளையும் திட்டிவிட்டு, தைலத்தை எடுத்து அவரே தேய்த்துவிட்டார். இந்த மடையன் கண்ணுக்கு எப்படி அவள் தெரியாமல் போனாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் மிஷினில் உட்கார்ந்து ஒரு சட்டையின் கைத்துணியை உடம்புத்துணியோடு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசிக்குக் கீழே பச்சைத் துணி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று என் கால் பெடலை விட்டுவிட்டது. இந்தத் துணி எதற்கு இந்த நிறம்? புதரில் நிற்கிற சிப்பாய் எதிரியின் கண்ணில் படக்கூடாது என்பதற்கு! பதினாறு வருஷமாக ஆளைக் கண்ணில் படாமல் செய்கிற உடுப்பைத் தைத்துத்தான் சோறு தின்கிறேன். அதே நிறத்தில் ஒன்றைத் தைத்து, விடியாத நேரத்தில், பனியில், லாரி போகிற சாலையில் என் சிநேகிதியை ஓட விட்டிருக்கிறேன். பாஸ்கலைத் திட்டிய வாயால் என்னைத் திட்டிக்கொண்டேன்.

ஹில்டாவிடம் குசுகுசுவென்று சொன்னேன். முதலில் முழித்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், சூபர்வைசர் எழுந்து வந்துவிட்டார். "யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு நான்தான கேட்டேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தோள் வலியில் ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டே சிரித்தாள்.

இனிமேல் என் புத்தியை நானே நம்பத் தயாராக இல்லை. சோதித்துப் பார்த்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். எந்த நிறம் ஓட்டுநர் கண்ணில் படும் என்று ஓட்டுநரையே கேட்டால் போயிற்று. அவருக்குத் தெரியாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஹில்டாவிடம் ஒரு காவிப் புடவை இருந்தது. மகளுக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு, ஆகஸ்ட் மாதத்தில் காவி கட்டிக்கொண்டு நடந்தே போனவர்களோடு அவளும் போனாள். அந்தப் புடவை. மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அதையும், பச்சை உடுப்பையும், என் வெள்ளைத் துண்டையும் எடுத்துக்கொண்டு போய், பருத்திப்பட்டு தாண்டி ஓரத்து முள்செடிகளில் நன்றாகத் தள்ளித் தள்ளி, காவி கடைசியாக வரும்படி மாட்டிவிட்டு, அதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கொசு பிடுங்கியது.

பஸ் வந்தது. பச்சையைத் தாண்டியது, கவனிக்கவே இல்லை. வெள்ளைத் துண்டு பனியோடு பனியாக இருந்தது, அதையும் தாண்டியது. காவி தெரிந்த உடனே, சத்தியமாகச் சொல்கிறேன், பத்து பஸ் தூரத்துக்கு முன்பே பிரேக் அலறியது. பஸ் நின்றது. பாஸ்கல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"யாரும்மா அது? ஓரமா போம்மா!"

புடவை பதில் சொல்லுமா?

"உன்னியத்தாம்மா! காது கேக்கல? இந்த மாசத்துல இன்னாத்துக்கு வேளாங்கண்ணிக்குக் கெளம்பின?"

நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கடைசியில் அவர் புடவைக்குப் பெரிய வட்டமாக வழி விட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, பஸ்ஸை நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார்.

ஹில்டாவிடம் ஓடினேன். பத்து நிமிஷம் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து சிரித்தோம். பிறகு அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். "நேந்துகினு கட்டுன பொடவைடி. மாதா கோச்சிக்க மாட்டாங்களா?" என்றேன். அவள் புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மாதாவுக்கு நான் உசுரோட ஓடணும்னுதான் இருக்கும்" என்று சொல்லி, நடுவில் வெட்டினாள். அன்று ராத்திரிக்குள் தைத்துக் கொடுத்தேன். டைனமோவையும் ரிப்பேர் செய்தேன். இன்னொன்றும் முடிவு செய்தோம். இனிமேல் வண்டிக்கு முதுகைக் காட்டி ஓடுவதில்லை. வலது ஓரத்தில், எதிரே வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். வருகிறவன் குடித்திருந்தாலும் நமக்குக் கண் இருக்கிறதே.

தோள் ஆறியதும் மறுபடி சாலை. இப்போது யார் கண்ணிலும் படாமல் இருக்க முடியுமா! பால் லாரிக்காரர்கள் தூரத்திலேயே விளக்கைத் தாழ்த்தினார்கள். ஒருத்தர் வண்டியை மெதுவாக்கி, "யம்மா, என் பொண்ணுக்கும் வேண்டிக்கோ!" என்று கத்தினார். ஹில்டா ஓடிக்கொண்டே, "பேரு இன்னா?" என்று கேட்டாள். "வசந்தகுமாரி!" ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அந்தப் பெயருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். வெட்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

பிப்ரவரி வந்தது. பந்தயத்தன்று ஆறு மணிக்கு ஆரம்பம். பொழுது சரியாக விடியவில்லை, பனி வேறு. பத்தொன்பது பெண்கள். பாஸ்கல் பிளாஸ்க்கில் காபியோடு வந்திருந்தார். காவி உடுப்பைப் பார்த்து, "நல்லா கீது, வேளாங்கண்ணிப் பொடவைதான?" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மன்றத்துச் செயலாளர் நாகேந்திரன் அட்டைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பனியன்கள். எல்லாம் ராணுவப் பச்சை.

"நம்ம ஊருக்கு இதானம்மா பெருமை. எல்லாரும் இதப் போட்டுகினுதான் ஓடணும்."

"நான் போட மாட்டேன் சார்" என்றாள் ஹில்டா.

"போடாட்டி பேரை அடிச்சிடுவேன்."

பாஸ்கல் பனியனை வாங்கி அவள் தோளில் வைத்துப் பார்த்தார். "போட்டுக்கோயேன் ஹில்டா. ஒரு கலருக்கா இவ்ளோ நாள் பட்ட பாட்ட வுடுவ?"

நான் வாயைத் திறந்தேன். ஹில்டா கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் சொல்லாமல் பச்சையை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கலாம். சொல்லாமல் வீட்டுக்கும் போயிருக்கலாம். அவரைப் பார்த்தாள், பக்கத்தில் பச்சைப் பனியனை மாட்டிக்கொண்டிருந்த சின்னப் பெண்களைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இந்தக் கலர்ல நான் ரோட்டுல ஓடிகினு இருந்தேங்க. உங்களுக்குத் தெரியாம. மார்கழில ஒருநாள் உங்க பஸ்ஸு என்ன ஒரசி பள்ளத்துல தள்ளிட்டுப் போச்சி. உங்க மேல தப்பில்ல. நான் உங்க கண்ணுக்குத் தெரியல."

பாஸ்கல் அவள் சட்டைக் கையைத் தூக்கி முழங்கையைப் பார்த்தார், தழும்பு இருந்தது. பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். அவரும் அதன் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் எதற்குப் பயந்தாளோ அதுதான் நடக்கப் போகிறது என்று நினைத்தேன்.

எழுந்தார். நாகேந்திரனிடம் நேராகப் போனார்.

"பதினாலு வருசமா கோழிக்குஞ்சு மேல ஏத்துனது இல்லன்னு சொல்லிகினு திரிஞ்சவன் நான். பொண்டாட்டிய இடிச்சிருக்கேன், எனக்கே தெரியல. பாக்கி பதினெட்டுப் பொண்ணுங்களையும் இந்தப் பச்சைல இந்தப் பனியில வுடப் போறியா? வுடு பாக்கலாம்."

நாகேந்திரன் பனியனைப் பார்த்தார், பனியைப் பார்த்தார். பெட்டியை மூடிவிட்டார். மஞ்சள், சிவப்பு, ரோஸ் என்று அவரவர் கொண்டுவந்த உடுப்பிலேயே நம்பர் துணியைக் குத்திக்கொண்டார்கள்.

ஐயோ, அந்த ஓட்டம்! சைக்கிளில் கூடவே போய்க் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது. காடுவெட்டிப் பாலத்தில் பார்த்தால், சம்பத்தின் சைக்கிளை வாங்கிக்கொண்டு முன்னாலேயே போன பாஸ்கல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுச் சாலையில் நின்றார். அவருக்குப் பின்னால் வரிசையாக லாரிகள். கடைசிப் பெண் தாண்டும் வரை ஒன்றையும் விடவில்லை. பூந்தமல்லியில் வேலப்பன்சாவடிக் கல்லூரிப் பெண் ஒருத்தி முதலில் வந்தாள். இரண்டாவது ஹில்டா! பத்தொன்பது வயசுக்கும் முப்பத்தைந்து வயசுக்கும் நடுவில் இருபதே அடி தூரம். அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, இரண்டு பேரும் விழுந்தோம்.

சாயங்காலம் பாஸ்கல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சிவப்புக் கண்ணாடித் துண்டு.

"டெயில் லைட்டு" என்றார். "அன்னிக்கி ஹில்டா கூடப் பின்னால யாரு வந்தா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "நான்தான் அண்ணாத்தே. நான்தான் கல்லு வுட்டேன்."

அவர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணோட ஏன் நிறுத்துன?" என்றார். "நான் நிக்கிற வரிக்கும் வுட்டிருக்கணும் நீ."

மறுநாள் நாலே முக்காலுக்கு பஸ் கிளம்பிய சத்தம் கேட்டது. ஐந்து மணிக்கு நானும் ஹில்டாவும் கிளம்பினோம்.